ஜெனரேட்டர் லீட் ஒயர் ஏன் எப்போதும் அதே இடத்தில் அறுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சோதனை மேடையில் ஓடும் விமான ஜெனரேட்டர் ஒன்றில், டெர்மினலுக்குப் போகும் லீட் ஒயர் திரும்பத் திரும்ப அறுகிறது. தடிமனான ஒயர் போட்டீர்கள், அதுவும் அறுந்தது. லக்கை (ஒயர் முனையில் மாட்டி டெர்மினலில் முறுக்கும் உலோகக் காது) சுற்றி, இறுகிக் கெட்டியாகும் எபாக்சிப் பிசினை ஊற்றினீர்கள், எபாக்சி முடிகிற விளிம்பில் அறுந்தது. அதிர்விலிருந்து காப்பாற்ற இனி எதைப் போடலாம் என்று படங்களோடு கேட்டிருக்கிறீர்கள். நான் ஜெனரேட்டர் ஓவர்ஹால் பெஞ்சில் பல வருடம் உட்கார்ந்தவன். எதைப் போடலாம் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அந்த ஒயர் ஏன் எப்போதும் அதே இடத்தில் அறுகிறது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒயர் முழுவதும் ஒன்றாகக் குலுங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு முனை ஒரு விதமாகவும் மறுமுனை வேறு விதமாகவும் அசையும்போதுதான் அது வளைகிறது. அந்த வளைவு ஒயரின் நீளம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. விறைப்பான பகுதி முடிந்து நெகிழ்வான பகுதி தொடங்கும் கோட்டில் வந்து குவிகிறது. கிரிம்ப் செய்த, அதாவது கருவியால் நசுக்கி ஒயரைப் பிடிக்கவைத்த லக்கின் வாய், சால்டர் ஏறி நின்ற எல்லை, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறையின் விளிம்பு, எபாக்சியின் மேல்தளம் எல்லாம் அப்படிப்பட்ட கோடுகள்தான். நீங்கள் எபாக்சி ஊற்றியபோது அறுகிற இடத்தை நீக்கவில்லை, சில மில்லிமீட்டர் தள்ளிவைத்தீர்கள்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இதன் வேகம் புரியும். எஞ்சின் வேகம் மாறினாலும் ஒரே வேகத்தில் சுழன்று 400 ஹெர்ட்ஸ் தரும் ஐடிஜி வகை ஜெனரேட்டர்கள் பொதுவாக 12,000 அல்லது 24,000 ஆர்பிஎம்மில் சுழல்கின்றன. 12,000 என்றே வைத்துக்கொள்வோம். சுழலும் பகுதியான ரோட்டாரில் கொஞ்சம் சமநிலைப் பிசகு இருந்தாலும் அது நொடிக்கு 200 முறை ஒயரை ஆட்டும். ஒரு மணி நேரத்தில் 7,20,000 முறை. பதினான்கு மணி நேரத்துக்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். 200 ஹெர்ட்ஸில் அதிர்வு 10 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் பத்து மடங்கு) இருந்தாலும் அசைவு இரு பக்கமும் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியாது, கையில் தொட்டால் ஒரு சிறு நடுக்கம் மட்டும் தெரியும். ஆனால் எஃகுக்கு இருப்பதுபோல ‘இந்த அளவுக்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் உடையாது’ என்ற தெளிவான எல்லை செம்புக்கும் அலுமினியத்துக்கும் கிடையாது. சிறிய வளைவும் போதுமான முறை திரும்ப வந்தால் இழை அயர்ந்து அறும்.

தடிமனான ஒயர் ஏன் உதவவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஒரு கம்பியை வளைக்கும்போது அதன் மேற்பரப்பில் வரும் திரிபு (எவ்வளவு நீள்கிறது என்ற விகிதம்), கம்பியின் விட்டத்தை வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. 0.8 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 4 சதவீதம். ஏறக்குறைய அதே அளவு செம்பை 0.2 மில்லிமீட்டர் கொண்ட 19 இழைகளாகப் பிரித்து முறுக்கிவிட்டால் ஒவ்வொரு இழையிலும் 1 சதவீதம்தான். விமான ஒயர்கள் பலவும் 19 இழை கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தடிமன் கூடினால் விறைப்பும் எடையும் கூடும். விறைப்பான ஒயர் வளைய மறுக்கும், மறுத்த வளைவெல்லாம் லக்கின் வாயில் போய்ச் சேரும். மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடிமன் தேவையோ அவ்வளவு போடுங்கள். பலத்துக்காகக் கூட்டாதீர்கள். பெரிய கேபிள் வேண்டுமென்றால் அதே குறுக்குப் பரப்பில் நுண்ணிழை அதிகமுள்ளதைத் தேடுங்கள்.

சால்டர் விஷயமும் இதேதான். உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே தானாக ஏறும். அது ஏறிய தூரம் வரை பத்தொன்பது இழைகளும் ஒட்டி ஒற்றைக் கம்பி ஆகிவிடும். பெரும்பாலும் இன்சுலேஷனுக்கு உள்ளே எங்கோ ஓரிடத்தில் அது நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அறுவது அந்த இடத்தில்தான். அதிர்வுள்ள இடத்தில் லக்குக்கு முறையான கிரிம்ப் என்பது விமானத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கிரிம்பிலும் இரண்டு பிடி உள்ள லக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று செம்பைப் பிடிக்கும், இன்னொன்று இன்சுலேஷனைப் பிடிக்கும். அந்த இரண்டாவது பிடிதான் வளைவைச் செம்பிலிருந்து விலக்கிக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகிறது. அப்புறம், இன்சுலேஷனை உரிக்கும்போது பிளேடு பட்டுக் கீறிய இழை எவ்வளவு நல்ல கிரிம்புக்குள் இருந்தாலும் அந்தக் கீறலிலிருந்தே அறும். உரித்த முனையை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத்தான் லக்குக்குள் விட வேண்டும்.

இப்போது மிக முக்கியமானதற்கு வருகிறேன். உங்கள் படத்தில், லக் ஜெனரேட்டரின் டெர்மினல் பிளாக்கில் இருக்கிறது, ஆனால் ஒயரின் முதல் கிளாம்ப் மேடையின் சட்டத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் ஒரு விதமாக ஆடுகிறது, சட்டம் வேறு விதமாக ஆடுகிறது. நடுவில் உள்ள ஒயர் அந்த வித்தியாசம் முழுவதையும் லக்கின் வாயில் வாங்கிக்கொள்கிறது. என் கருத்தில் உங்கள் தொல்லையின் பெரும்பகுதி இதுதான். ஒயர் எந்தப் பொருளில் முடிகிறதோ, அதன் முதல் கிளாம்பும் அதே பொருளில்தான் இருக்க வேண்டும். டெர்மினலிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி ஜெனரேட்டர் உடலிலேயே ஒரு பிராக்கெட் வைத்து அதில் ஒயரைப் பிடியுங்கள். அதன் பிறகு தாராளமான ஒரு வளையம் விட்டு அடுத்த கிளாம்பைச் சட்டத்தில் போடுங்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவேயான அசைவு முழுவதும் அந்த வளையத்தில் பரவிப்போகும், லக்குக்கு வராது. விமானத்திலும் இப்படித்தான்: ஜெனரேட்டரிலிருந்து எஞ்சினுக்கு, எஞ்சினிலிருந்து உடற்பகுதிக்கு என்று ஒவ்வொரு கடப்பிலும் இரு பக்கமும் பிடி, நடுவில் தளர்வு. பிஸ்டன் எஞ்சின் உள்ள சிறு விமானங்களில் எஞ்சின் ரப்பர் மவுன்ட்களில் நிற்பதால், ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் அது கண்ணால் பார்க்கும் அளவுக்கு உதறும். ஆல்டர்னேட்டர் ஒயர்களுக்கு அங்கே தளர்வு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அந்த வளையம் தவிர மற்ற இடங்களில் தளர்வு குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி, பிடிகளுக்கு நடுவே 24 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. நடுவில் கையால் மிதமாக அழுத்தினால் ஒயர் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்றும் சொல்கிறது. வளைவின் ஆரம், கட்டிலுள்ள மிகப் பெரிய ஒயரின் வெளிவிட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 24 அங்குலம் என்பது உச்சவரம்பு. ஜெனரேட்டர் பக்கத்தில் அவ்வளவு விட்டால் நிச்சயம் அதிகம். விறைப்பான ஒரு கட்டின் இயல்பு அதிர்வெண், பிடிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். தூரத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகும். ஒரு கிளாம்ப் கூடுதலாகப் போட்டு ஒத்ததிர்வை ஜெனரேட்டரின் சுழற்சி வேகத்திலிருந்து வெகு தூரம் விலக்கிவிடலாம். ஒத்ததிர்வில் மாட்டிக்கொண்டால் அலைவு பத்து, இருபது மடங்கு பெருகும். அப்போது எந்த ஒயரும் தாங்காது. இயற்பியல் அளவில் இது உறுதியானது. உங்கள் மேடையில் எத்தனை சென்டிமீட்டரில் கிளாம்ப் வர வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். அதிர்வை அளக்கும் சிறிய முடுக்கமானி ஒன்றைக் கட்டின் மேல் ஒட்டி, விரலால் தட்டி, எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று பாருங்கள். அது 200-க்கோ அதன் மடங்குகளுக்கோ அருகில் வந்தால் கிளாம்பை நகர்த்துங்கள்.

கிளாம்ப் என்றால் உள்ளே ரப்பர் மெத்தை வைத்த உலோகக் கிளாம்ப். பழைய கட்டுகளைப் பிரிக்கும்போது எனக்கு அடிக்கடி கிடைத்த காட்சி ஒன்று: எண்ணெய் குடித்து உப்பிப்போன மெத்தை பாதி பிதுங்கி வெளியே தொங்கும், மீதிப் பாதி இருந்த இடத்தில் வெறும் உலோக விளிம்பு இன்சுலேஷனில் ஒரு பள்ளம் தோண்டியிருக்கும், பள்ளத்தைச் சுற்றிக் கறுப்புத் தூள் மை மாதிரி அப்பியிருக்கும். மெத்தைப் பொருளை அங்குள்ள வெப்பத்துக்கும் திரவத்துக்கும் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் கிளாம்பே ரம்பமாகிவிடும். அளவும் சரியாக வேண்டும். மெதுவாக இழுத்தால் ஒயர் நழுவக் கூடாது, அதே சமயம் மெத்தை ஒயரை நசுக்கவும் கூடாது. டெஃப்லான் இன்சுலேஷனை இறுக்கிப் பிடித்தால் அது காலப்போக்கில் மெல்ல விலகி ஓடி மெலிந்துபோகும். கிளாம்பை மூடும்போது மெத்தையின் ஓரம் இரண்டு காதுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வதும் உண்டு. போல்ட் இறுகியது மாதிரி இருக்கும், ஒயர் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

பிளாஸ்டிக் கேபிள் டையை அதிர்வும் சூடும் உள்ள இடத்தில் போடாதீர்கள். அது கடினப்பட்டு வெடித்துப் போகும். போவதற்கு முன் அதன் கூர்மையான விளிம்பு ஒயரை அறுக்கும். மெழுகோ ரெசினோ ஏற்றிய தட்டை நாடாவால் கட்டும் பழைய முறை இன்றும் அங்கே நிற்பதற்குக் காரணம் அது உண்மையாகவே சிறப்பாக வேலை செய்கிறது. கடினமான இன்சுலேஷனும் மென்மையான இன்சுலேஷனும் உள்ள ஒயர்களை ஒரே கட்டில் சேர்க்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். ஒன்றை ஒன்று உரசி, மென்மையானது தோற்கும்.

லக்கின் நட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நட்டை முறுக்கும்போது லக்கும் சேர்ந்து திரும்பினால் ஒயர் முறுக்கேறியபடியே நின்றுவிடும். லக்கை ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, குறித்த டார்க்கில் முறுக்கி, நட்டின் மேலிருந்து ஸ்டட் வரை ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கோடு விலகினால் நட்டு தளர்ந்தது என்று தூரத்திலிருந்தே தெரியும். தளர்ந்த லக் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். லக்கின் தகர வெண்மை நீலமும் பழுப்புமாக மாறியிருந்தால் அந்த ஓட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அலுமினிய ஒயரை எஞ்சினில் பொருத்திய கருவிகளுக்கு நேராக இணைக்கக் கூடாது, கடும் அதிர்வுள்ள இடத்தில் போடவும் கூடாது.

சென்சார் ஒயர்கள் போகும் கனெக்டர்களில் சாதாரண நூல்மரை தானாகக் கழன்றுவிடும். அமெரிக்க ராணுவத் தரமான 38999-இன் மூன்றாம் வரிசை கனெக்டரில் ஒரே சுற்றில் முழுவதும் இறுகும் வேக மரையும், பின்னோக்கித் திரும்பாத பல்லமைப்பும், உலோகத்தோடு உலோகம் முட்டி நிற்கும் அமைப்பும் இருப்பது இதற்காகத்தான். அதை முழுவதும் முட்டும்வரை திருக வேண்டும். பாதியில் நிறுத்தினால் உள்ளே ஊசிகள் நுணுக்கமாக உரசித் தங்கப்பூச்சு தேய்ந்துபோகும். அப்புறம் வருவது விட்டு விட்டு வரும் கோளாறு. அதைத் தேடுவதைவிடத் தொல்லையான வேலை இல்லை.

ஜெனரேட்டருக்கு உள்ளே கதை கொஞ்சம் வேறு. சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் பள்ளங்களுக்குள் இருக்கும் சுருள் ஆப்பும் ரெசினும் பிடித்திருப்பதால் அசையாது. பள்ளத்தைத் தாண்டி வெளியே வளையும் முனைச்சுருள்தான் பலவீனமான இடம். அங்கே இயந்திர அதிர்வோடு மின்காந்த விசையும் சேர்கிறது. இந்த விசை மின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கில் துடிக்கும். 400 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் 800 ஹெர்ட்ஸ். விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஷார்ட் சர்க்யூட்டில் மின்னோட்டம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. முனைச்சுருளைக் கண்ணாடி இழை அல்லது அராமிட் நாடாவால் இறுகக் கட்டி, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தில் ரெசினை ஏற்றிச் சுட்டு ஒரே பிண்டமாக்குவது இதைத் தாங்குவதற்காக. வெறுமனே வார்னிஷில் முக்கினால் உள்ளே காற்றுக் குமிழ்கள் தங்கும். குமிழ் இருக்கும் இடத்தில் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசி எனாமலைத் தேய்க்கும். முனைச்சுருளிலிருந்து லீட் பிரியும் இடம் இங்கேயும் விறைப்பு முடியும் கோடுதான். லீடைச் சுருளின் மேலேயே சில சென்டிமீட்டர் படுக்கவைத்துக் கட்டிய பிறகே பிரித்து வெளியே எடுக்க வேண்டும்.

ரோட்டாரில் அதிர்வைவிட மையவிலக்கு விசைதான் பெரிய ஆள். 12,000 ஆர்பிஎம்மில், அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிராம் செம்பு எட்டு கிலோ எடையாக வெளியே இழுக்கும். 24,000-இல் முப்பத்திரண்டு கிலோ. பிரதான ஃபீல்டு சுருளுக்கு மின்சாரம் தரும் சிறு ஜெனரேட்டரான எக்சைட்டரிலிருந்து சுழலும் டயோடுகளுக்கும், அங்கிருந்து பிரதான ஃபீல்டுக்கும் போகும் ஒயர்களில் தளர்வு வளையம் வைக்கும் பேச்சே இல்லை. முழு நீளமும் தாங்கப்பட்டிருக்க வேண்டும், பள்ளத்திலோ பட்டையின் அடியிலோ படுத்திருக்க வேண்டும். வெளி ஒயருக்குச் சொன்ன விதியை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். ரோட்டாரைப் பிரித்துச் சேர்த்தால் மறுபடி சமநிலை பார்க்காமல் ஓட்டவும் கூடாது.

சரி, எபாக்சி. அது கெட்ட பொருள் அல்ல, முடிகிற விதம்தான் தவறு. கடின எபாக்சி திடீரென்று முடியும் கோட்டுக்கு மேல், மென்மையான சிலிகோனை ஒயரோடு சேர்த்துச் சரிவாகப் பூசி விறைப்பைப் படிப்படியாகக் குறைத்தால் வளைவு ஒரு கோட்டில் குவியாமல் நீளத்தில் பரவும். சிலிகோனில் ஒன்று கவனம்: உலரும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை செம்பை அரிக்கும். மின்வேலைக்கு நடுநிலை வகைதான். எண்ணெய் தெளித்துக் குளிர்விக்கும் ஜெனரேட்டரின் உள்ளே சாதாரண சிலிகோன் உப்பிக் கழன்றுவிடும், அங்கே அதைப் பயன்படுத்த முடியாது. எபாக்சி வெப்பத்தில் செம்பைவிடப் பல மடங்கு விரியும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இடையே இழுபறி நடக்கும், நாளடைவில் விரிசல் வரலாம். ஊற்றிய பிறகு உள்ளே பார்க்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. உங்கள் லக்கில் இருப்பதை வெட்டியெடுத்துவிட்டு ஜெனரேட்டர் உடலில் கிளாம்ப் போடுவதே என் தேர்வு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒயர் அறுவது சில சமயம் செய்தி மட்டும்தான். தேய்ந்த பேரிங், தேய்ந்த ஸ்ப்ளைன் (பல் வெட்டிய தண்டு இணைப்பு), தளர்ந்த மவுன்ட் வளையம், சமநிலை கெட்ட ரோட்டார் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதிர்வைக் கூட்டியிருக்கலாம். இதே மாதிரி வேறொரு ஜெனரேட்டரை அதே மேடையில் ஓட்டி அதிர்வு அளவை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சோதனைகளின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கர் கருவி அதைப் பற்றி மட்டுமே பேசும். மின்தடையை அளந்தாலும், பத்தொன்பதில் பத்து இழை ஒரே புள்ளியில் அறுந்திருப்பது தெரியாது. அந்தச் சிறு தூரத்தில் மீதி இழைகள் மின்னோட்டத்தைக் கடத்திவிடுவதால் மொத்தத் தடை கிட்டத்தட்ட மாறாது. முழுச் சுமையில் ஓட்டி வெப்பக் கேமராவில் மூன்று கட்டங்களின் லக்குகளையும் ஒப்பிடுவது இதைவிட நம்பகமானது, ஆனாலும் அறுக ஆரம்பித்த ஓரிரண்டு இழைகளை அதுவும் காட்டாது. லக்கின் வாயில் ஒயரை மெல்ல அசைத்துப் பார்ப்பதும், உருப்பெருக்கியும், காலக்கெடுவில் மாற்றுவதும்தான் மிச்சம்.

இந்த ஜெனரேட்டர் பறக்கிற விமானத்துக்குத் திரும்பப் போவதாக இருந்தால், நான் சொன்னது எதுவும் அதன் பராமரிப்புக் கையேட்டுக்கு மாற்று ஆகாது. ஒரு கிளாம்பை நகர்த்துவதும் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பில் மாற்றம்தான். 1996-இல் டிடபிள்யூஏ 800, 1998-இல் சுவிஸ்ஏர் 111 ஆகிய பயணிகள் விமானங்களின் விபத்துகளுக்குப் பிறகு ஒயரிங் பற்றிய கண்காணிப்பு கடுமையாகி, 2007-இல் எஃப்ஏஏ பெரிய விமானங்களின் ஒயரிங்கைத் தனி அமைப்பாகவே கருதி விதிகள் கொண்டுவந்தது. அந்த விபத்துகள் ஜெனரேட்டர் அதிர்வால் வந்தவை அல்ல, ஆனால் ஒயரை ஓர் உதிரியாக நினைக்கும் பழக்கம் அவற்றோடு முடிந்தது.

கடைசியாக ஒரு வேலை. இனி அறும் ஒயரின் முனையைத் தூக்கிப் போடாதீர்கள். லக்கோடு சேர்த்து வெட்டி, பத்து மடங்கு உருப்பெருக்கியில் இழைகளைப் பாருங்கள். முனை மெலியாமல் தட்டையாக அறுந்திருந்தால் அயர்வு, நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கழுத்து மெலிந்து கூம்பாக இருந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள், அல்லது தளர்வு போதவில்லை. சின்ன உருண்டையாக உருகியிருந்தால் முதலில் இன்சுலேஷன் தேய்ந்து பொறி பறந்திருக்கிறது, அப்போது லக்கை விட்டுவிட்டு உரசல் எங்கே என்று தேட வேண்டும். ஒரே ஒயரில் சில இழைகள் தட்டையாகவும் சில உருகியும் இருப்பது சகஜம்: முதலில் அயர்ந்து அறுந்தவை தட்டையாக இருக்கும், மிஞ்சியவை சுமை தாங்காமல் உருகியிருக்கும். உங்கள் படங்களை வைத்து நான் எதிர்பார்ப்பது அதைத்தான். வேறு மாதிரி இருந்தால் அந்தப் படத்தையும், கிளாம்ப் இருக்கும் தூரத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.